ஆமைக்கும் கந்தசஷ்டி

மகள் வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரத்துக்குப் படிக்கப் போனபோது தன் கட்டிலையும் புத்தகங்களையும் ஆமையையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். கட்டிலும் புத்தகங்களும் பேசாமல் கிடந்தன. ஆமைதான் இந்த ஐப்பசியில் சாப்பாட்டை நிறுத்தியது. அது பெட்டி ஆமை. கிட்டப் போனால் தலையையும் காலையும் உள்ளே இழுத்து, மூடி போட்டதுபோல ஓட்டைச் சாத்திக்கொள்ளும். எங்கள் வீட்டு ஆட்களுக்குப் பொருத்தமான பிராணி.

அதுவரை எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை "என்னம்மா, சுகமே?" என்று கேட்டுவிட்டுப் போனை வைக்கிறவள், ஆமை பட்டினி என்றதும் தினமும் வீடியோவில் வந்தாள்.

"அம்மா, இளஞ்சூட்டுத் தண்ணியில கொஞ்ச நேரம் இருத்துங்கோ. அதின்ர சூட்டு விளக்கு பழசாப்போச்சுது, புதுசு வாங்குங்கோ. இலை மட்டும் காணாது. நெளியிற புழு வேணும்."

எல்லாம் செய்தேன். ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதி வரை போய் விளக்கு வாங்கி வந்தேன். கைக்குழந்தைக்குப் பார்ப்பதுபோல முழங்கையால் சூடு பார்த்துத் தண்ணீர் வைத்தேன். மண்புழுக்களை மாஜரின் டப்பாவில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வைத்தேன். ஒரு புழுவை நீட்டியபோது ஆமை தலையை வெளியே விட்டு முகர்ந்தது. தின்னவில்லை. ஆனாலும் எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அடுத்த நாள் எங்கள் இருவருக்கும் ஆறு நாள் கந்தசஷ்டி விரதம் தொடங்கியது. கோயில் நிர்வாகத்தில் சேர்ந்த பிறகு என் மனுசனுக்கு முருகனைவிட ஆசாரம் கூடிவிட்டது. மீன் சட்டிகளை நிலவறைக்கு அனுப்பினார், வீடெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்தார், கடைசியாகக் குளிர்சாதனப் பெட்டியைத் துடைக்கப் போனவர் டப்பாவைத் திறந்துவிட்டார்.

"சீ! விரத வீட்டுக்குள்ள மச்சமோ?"

மீன், இறைச்சி எல்லாம் எங்களுக்கு மச்சம். இப்போது மண்புழுவும் அதில் சேர்ந்துவிட்டது.

"அது ஆமையின்ர சாப்பாடு," என்றேன்.

"இஞ்சாரும், ஆமை மகாவிஷ்ணுவின்ர அவதாரம். ஆறு நாளைக்கு அதுவும் சைவமா இருக்கட்டும். கோவா இலையை வெட்டிப் போடும்."

டப்பா குப்பைக்குப் போனது. கோவாவைப் பார்த்ததும் அவதாரம் ஓட்டைச் சாத்திக்கொண்டது. நாளாக நாளாக அதன் கண்கள் உள்ளே போயின. தூக்கினால் பாரமே தெரியவில்லை. விரதக்காரர் பாலும் பழமும் எடுத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு விரத மகிமை சொல்லப் போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதன்கிழமை ஆமையை மகளுக்குக் காட்டினேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வெள்ளிக்கிழமை வாறன் அம்மா. ரயிலுக்கு டிக்கெட் போடுறன். திங்கக்கிழமை டொக்டரிட்டைக் காட்டிப்போட்டுத்தான் திரும்புவன்."

கோடை விடுமுறைக்கே வேலை என்று வராதவள்! கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டேன். பிட்டுக்கு மா வறுத்தேன். புழு தேடப் போகலாம் என்று நினைத்தேன், போகவில்லை. வெள்ளி வரைக்கும் பசித்திருந்தால் என்ன, செத்தா போய்விடும்? அது சாப்பிட்டால் இவள் வருவாளா? இப்படியும் ஒரு தாய்க்கு யோசனை ஓடுமா என்று கேட்காதீர்கள். ஓடும்.

வியாழக்கிழமை சூரன்போர். அவர் கோயிலுக்குப் போனதும் ஆமையைத் தூக்கிப் பார்த்தேன். கழுத்து ஒரு பக்கமாகத் தொங்கியது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. கறிக்கரண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் மாடிக்குடியிருப்பின் முற்றத்துக்கு இறங்கினேன். உதிர்ந்த இலைகளைக் குவித்து வைத்திருந்த மூலையில், மேல் மண் குளிரில் இறுகிக் கிடந்தது. அடியில் கொஞ்சம் இளக்கம். நகத்துக்குள் மண் ஏற, நாலைந்து புழு கிடைத்தது. விரதக்காரி செய்கிற வேலையா இது? முருகா, நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

நெளிகிற புழுவை மூக்கடியில் பிடித்தேன். கழுத்து மெல்ல நீண்டது. லபக்! இன்னொன்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. வீடியோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டாள். "ஐயோ அம்மா, சாப்பிட்டிட்டுது! நீங்கள் சூப்பர்!" பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "அப்ப நான் இப்ப வரத் தேவையில்லைத்தானே? கூட்டாளியள் மலைக்கு, ஹுட்டை மரவீட்டில தங்கக் கூப்பிட்டவை. ஆமையாலதான் ஏலாதெண்டு சொன்னனான்."

"ஓம். தேவையில்லைத்தான்," என்றேன்.

"நத்தார் லீவில பாப்பம், என்ன?"

மனுசன் விபூதியும் சந்தனமுமாக வந்து, ஆமை நடமாடுவதைப் பார்த்தார். "பாத்தீரே? சைவமா இருந்ததுக்கு முருகன் பசியைக் குடுத்திட்டார்." நான் மண் ஒட்டிய கறிக்கரண்டியைக் கழுவப் போனேன்.

வெள்ளிக்கிழமை பாறணை, விரதம் முடித்துச் சாப்பிடும் நாள். மகளுக்கென்று வறுத்த மாவில் பிட்டு அவித்தேன். அவர் திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டார். என் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டது அப்படியே இருந்தது.

"நீர் ஏன் சாப்பிடேல்லை? ஆறு நாளா வெறும் வயிறு. பிள்ளைக்குப் போன் எடுத்துச் சொல்லட்டோ?"

"சொல்லிப் பாருங்கோவன்," என்றேன். "எனக்காக அவள் ரயில் ஏறமாட்டாள். நான் ஆமையில்லை."