ஒரு ஆள் சோற்றுக்கு அரிசி கழுவின தண்ணி

இந்த வீட்டில் நாங்கள் ஐந்து பேர் இருந்த காலத்தில் பின்பக்கத்துச் செடிகளுக்கு நான் பைப்பைத் திறந்ததே இல்லை. அரிசி கழுவின தண்ணி, காய் அலசின தண்ணி எல்லாம் அங்கேதான் போகும். வாழை அதைக் குடித்துவிட்டுக் குலை தள்ளும். கருவேப்பிலை மரம் கூரையைத் தொட்டது. பிறகு மூத்தவன் சிங்கப்பூர் போனான். இரண்டு பெண்களும் கல்யாணமாகி கோலாலம்பூர் பக்கம் போனார்கள். அப்புறம் என் வீட்டுக்காரரும் கண்ணை மூடினார். ஆள் குறையக் குறைய வீட்டில் கழிவுத் தண்ணியும் குறையும் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. ஒரு ஆள் சோற்றுக்கு அரிசி கழுவினால் எவ்வளவு வரும்? ஒரு செம்பு. முதலில் வாழை போனது.

பைப்பைத் திறந்து விடுங்களேன் என்பாள் சின்னவள், போனில். பினாங்கில் தண்ணி சல்லிசு, அது எனக்கும் தெரியும். ஆனால் பைப்புத் தண்ணி வெறும் தண்ணி. அதை ஊற்றினால் உரமும் வாங்கிப் போட வேண்டும். உரம் விற்கிற விலை அவளுக்கு எங்கே தெரியும். பிள்ளைகளிடம் கையேந்தி மரம் வளர்க்கிற ஆள் இல்லை நான்.

சூலியா தெருவில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடை. அதன் அடுப்படி எங்கள் பின் சந்தில்தான் இருக்கிறது. முதலாளி என்னைவிடச் சின்னவர், அக்கா என்று கூப்பிடுவார். அங்கே தினமும் மூட்டைக் கணக்கில் அரிசி கழுவி, தண்ணியை லோங்காங் சாக்கடையில் கொட்டுவார்கள். அது அடைத்துக்கொள்ளும், தோண்ட ஆள் வைப்பார்கள். அந்தத் தண்ணியை எனக்கு விடுங்கள், கருவேப்பிலை தருகிறேன் என்றேன். சரி, ஆனால் இலைக்குக் காசு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். அவருக்கு அடைப்பு இல்லை, எனக்கு உரச் செலவு இல்லை.

கடையிலிருந்து ரப்பர் குழாய் ஒன்று என் நீலப் பீப்பாய்க்கு வந்தது. இறைச்சி கழுவின தண்ணி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். அப்படியும் ஒருநாள் தட்டு கழுவினதை விட்டுவிட்டார்கள். நெய் மண்மேல் தோல் மாதிரி படிந்து இலையெல்லாம் உதிர்ந்தது. அதற்கப்புறம் இரண்டு பீப்பாய் வைத்தேன். முதலாவதில் எண்ணெய் மேலே மிதக்கும், வழித்து எடுத்துவிடுவேன். இரண்டாவதில் தேங்காய் மட்டை, கரி, மணல். அதற்குள் இறங்கி வருவது தெளிந்து வரும். அன்றைக்கே ஊற்றிவிட வேண்டும், வைத்தால் புளித்து நாறும்.

காலையில் தண்ணி விடுமுன் கடைச் சமையல்காரர் பீப்பாயைத் தட்டுவார். ராமநாதபுரத்து ஆள், மூன்று பிள்ளைக்குத் தகப்பன்.

"அம்மா, உயிரோட இருக்கீங்களா?"

"உன் சமையல சாப்பிடாம இருக்கிற வரைக்கும் இருப்பேன்."

அவ்வளவுதான். சில நாள் விளக்கு வைக்கிறவரை நான் பேசுகிற பேச்சே அதுதான்.

போன நோன்புப் பெருநாளுக்கு முன்னால், கல்யாணச் சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுக்க வந்த ஒருத்தர் சந்தில் காடியை நிறுத்தினார். குழாயைப் பார்த்தார், பீப்பாயைப் பார்த்தார், நான் இலை பறித்து அடுப்படியில் கொடுத்ததையும் பார்த்தார். சாக்கடைத் தண்ணியில் வளர்ந்ததையா குழம்பில் போடுகிறீர்கள் என்று உள்ளே போய்க் கேட்டாராம். ஆர்டர் போய்விட்டது.

சாயங்காலம் முதலாளி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"யாரும் கேட்டா பைப்புத் தண்ணின்னு சொல்லிடுங்கக்கா. குழாய மண்ணுக்குள்ள பொதைச்சிடுறேன்லா. யாருக்கும் தெரியாது."

நல்ல மனசோடுதான் சொன்னார். சமையல்காரர் காலையில் பீப்பாயைத் தட்டுகிற சத்தம் என் காதில் கேட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது நிற்காது.

"திருடியா வளர்த்தேன் தம்பி, மண்ணுக்குள்ள ஒளிக்க? அது உங்க சோத்து அரிசி கழுவின தண்ணி."

"எனக்குத் தெரியும்க்கா. சாப்பிட வர்றவங்களுக்கு அது புரியணுமே."

அவர் கடை நடத்த வேண்டியவர். தண்ணியைச் சுத்தம் செய்ய எனக்குக் கரியும் மணலும் போதுமாக இருந்தது. அதன் பெயரைச் சுத்தம் செய்ய இரண்டு பேரிடமும் ஒன்றும் இல்லை. குழாயை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

இப்போது கடைக்கு பசாரிலிருந்து இலை வருகிறது. சமையல்காரருக்குச் சந்துப் பக்கம் வேலை இல்லை. மரம் மஞ்சளடித்தது. நான் ஒரு காரியம் செய்தேன். பழையபடி ஐந்து பேருக்கு அரிசி அளந்து கழுவினேன். அரை வாளி வந்தது, மரத்துக்கு ஊற்றினேன். கழுவின அரிசியை என்ன செய்ய? உலையில் போட்டேன். பானை நிறையச் சோறு. நானே போய்க் கடையின் பின்கதவைத் தட்டினேன்.

"என்னம்மா?" என்றார் சமையல்காரர்.

"சோறு ஆக்கியிருக்கேன், சாப்பிட வா."

"சோத்துக் கடைக்காரனுக்கே சோறா?" என்று சிரித்தார். வந்து ஒரு தட்டு, நின்றபடியே சாப்பிட்டார். கடையிலிருந்து கூப்பிட்டார்கள், கை கழுவிவிட்டு ஓடினார். அந்தத் தண்ணியும் மரத்தடியில்தான் விழுந்தது.

மீதிச் சோற்றில் தண்ணி ஊற்றி மூடி வைத்தேன். மறுநாளும் ஐந்து பேருக்குத்தான் அளந்தேன்.