கழுத்தில் வில்லை ஏறினால்தான் மணி ஓடும்

பார்சல் சுமக்கிறவனுக்கு முதுகு வலிப்பதைவிட வயிறு எரிவதுதான் அதிகம். அடுத்தவன் கேரியரில் என்ன ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டே கிடக்கிற பிழைப்பு அது. மணிக்கணக்கில் கூலி வாங்கியவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மொரப்பூர் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு பார்சல் கம்பெனியின் தகரக் கொட்டகை இருந்தது. ரயிலில் வந்து இறங்கும் சாமான்களைக் கம்பெனி சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் ஊர் ஊராகச் சேர்ப்பது எங்கள் வேலை. நான், மாதையன், காதர் பாய் என்று மூன்று பேர். எங்களுக்கு மேலே ஏஜெண்டு ஐயா. அவருக்கு மட்டும் மாதச் சம்பளம்.

வெறுங்கழுத்து

மணிக்கு இவ்வளவு என்று கூலி. ஆனால் அந்த மணி எப்போது தொடங்கும் என்பதில்தான் சூட்சுமம். சுமையைச் சைக்கிளில் கட்டி முடித்த பிறகு ஏஜெண்டு ஒரு பித்தளை வில்லையை நம் கழுத்தில் மாட்டுவார். அது ஏறினால் மணி ஓடும், இறங்கினால் நின்றுவிடும். கொட்டகைக்குத் திரும்பி வந்ததும் அவரே கழற்றிக்கொள்வார். பட்டாளத்து வண்டிகளுக்கு வழிவிட்டு எங்கள் ரயில் எப்போது வந்து சேரும் என்று யாருக்கும் தெரியாது. விடிந்ததும் வந்து வெறுங்கழுத்தோடு காத்துக் கிடப்போம். டீ குடிக்க எழுந்து போனால் முறை போய்விடும்.

எதிரே பிளாட்பாரத்தில் போர்ட்டர்கள். அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அவர்கள் தலைவர் அதிகாரியைப் பார்க்கப் போனால் உட்காரச் சொல்வார்களாம். சங்கம் எதற்கு என்றெல்லாம் அப்போது நான் யோசித்ததில்லை. அந்த மனுஷன் உட்காருகிறார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த எரிச்சலில் ஒரு நாள், காத்திருக்கிற நேரத்துக்கும் கூலி உண்டா என்று ஏஜெண்டிடம் கேட்டுவிட்டேன். அவர் நாற்காலியில் சாய்ந்தபடியே சொன்னார்: "சும்மா ஒக்காந்திருக்கறவனுக்கு எவன்டா கூலி குடுப்பான்?"

தேன்

தீர்த்தமலைக்குப் போகிற சுமை எப்போதும் மாதையனுக்கே கிடைத்தது. அரூரைத் தாண்டி மலையடிவாரம் வரை மிதிக்க வேண்டும். நெடுந்தூரம் என்றால் நிறைய மணி. நானும் காதர் பாயும் உள்ளூரிலும் அரூரிலும் அரை மணி, இரண்டு மணி என்று பொறுக்கிக்கொண்டிருக்க, அவன் காலையிலேயே வில்லை பளபளக்கக் கிளம்பிப் போவான். போகும்போது சைக்கிள் மணியை வேறு அடித்துவிட்டுப் போவான். அவன் சைக்கிள் பஞ்சராக வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

அப்போது என் சம்சாரம் சின்னத்தாயிக்குத் தலைப்பிரசவ மாசம். உடம்பில் ரத்தமில்லை, தினம் பால் குடிக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு மணி கிடைத்தால் அவளுக்குப் பால், இல்லாவிட்டால் நீராகாரம். இந்த நிலையில், மாதையன் ஏஜெண்டு வீட்டுக்கு ஒரு தேன் பானையோடு போவதைப் பார்த்தேன். விடுவேனா? அரூர்ச் சந்தைக்கு வந்த சித்தேரி ஆளிடம் மலைத்தேன் வாங்கி, நானும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் ஏஜெண்டு என்னைக் கூப்பிட்டார். தீர்த்தமலையைத்தான் தரப்போகிறார் என்று நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் சொன்னார்: "தேனு நல்லாத்தான் இருந்துதுப்பா. மாதையன் குடுத்தது இன்னுங் கொஞ்சம் கெட்டி."

நாய் துரத்துகிறதா?

அரூரில் வெற்றிலைக் கடை வைத்திருந்த முனியம்மாளுக்கு வாரம் இரண்டு கட்டு போகும். மெதுவாக மிதித்தால் மணி கூடும் என்று உங்களுக்குத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. ஏஜெண்டு அதற்கும் வழி வைத்திருந்தார். "காதர் உன்னவிட வெரசா வந்துட்டானே" என்பார் என்னிடம். அவ்வளவுதான், அடுத்த நாள் நான் பிசாசு பிடித்தவன் போல மிதிப்பேன். அந்த பாய் என்னை மிஞ்சுவதா? அதே பேச்சைத் திருப்பிப் போட்டு அவர் காதர் பாயிடமும் சொல்லிவந்தார் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு எங்கள் கூலியை நாங்களே குறைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் மூச்சு வாங்கியபடி கட்டை இறக்கி வைத்தேன். முனியம்மாள் வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏஞ்சாமி, நீயும் இப்பிடி ஓடியார, நேத்து அந்த பாயும் இப்பிடித்தான் ஓடியாந்தாரு. உங்க கம்பெனியில நாய வுட்டுத் தொரத்தறாங்களா?"

மலையடிவாரம்

மாதையனுக்குக் குளிர் ஜுரம் வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க நான் பெரும்பாடு பட்டேன். தீர்த்தமலை என் கைக்கு வந்தது. சின்னத்தாயிக்கு இனிப் பாலுக்குக் குறைவில்லை என்று சொல்லிவிட்டு, கற்பூரப் பெட்டிகளையும் எண்ணெய் டின்னையும் கட்டிக்கொண்டு கிளம்பினேன். நானும் மணியை அடித்தேன். வெயிலும் மேடும் என்னை உரித்துவிட்டன, ஆனாலும் கழுத்தில் வில்லை கிடக்கிறதே என்ற தெம்பில் மிதித்தேன். திரும்பி வருகிற மணிகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டு மனசுக்குள் பால்காரியிடம் பேசிக்கொண்டே போனேன்.

அடிவாரத்துப் பூசைச் சாமான் கடைக்காரர்தான் அங்கே கம்பெனிக்கு ஆள். சுமையை இறக்கியதும் அவர் என் கழுத்திலிருந்து வில்லையைக் கழற்றி, நேரத்தைக் குறித்து ஒரு பைக்குள் போட்டார். நாளை பஸ்ஸில் அது மொரப்பூருக்குப் போய்விடுமாம். நெடுந்தூரச் சவாரியில் சுமை இறங்கிவிட்டால் மணி நின்றுவிடுமாம். அப்படியானால் இந்தச் சைக்கிளை மொரப்பூருக்குத் திரும்ப மிதிப்பது? அது என் பாடு. சைக்கிள் கம்பெனியுடையது, கால் மட்டும் என்னுடையது. நான் கழுத்தைத் தடவியதைப் பார்த்து அவர் சிரித்தார். "மாதையனும் மொத தடவ இப்பிடித்தான் தடவிப் பாத்தான். இப்பல்லாம் அவனே கழட்டிக் குடுத்துருவான்."

மாதையன் வூடு

மறுநாள் மாதையனைப் பார்க்கப் போனேன், சண்டை போடத்தான். கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தான். காதர் பாய் கஞ்சியோடு அங்கே முன்பே உட்கார்ந்திருந்தார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. இதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். நாங்கள் பொறாமைப்படுவதைப் பார்க்கும் சுகம் ஒன்றுதான் அந்தச் சவாரியில் தனக்கு மிச்சமாம், அதையும் ஏன் விடவேண்டும் என்று இருந்துவிட்டானாம். பிறகு காதர் பாய் வாயைத் திறந்தார். நான் வெரசாக வருவதாக ஏஜெண்டு சொன்னதெல்லாம் வெளியே வந்தது. என்னிடம் அவர் சொன்னதை நானும் சொன்னேன்.

அன்றைக்கே, கம்பளியோடு எழுந்து வந்த மாதையனையும் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு, போர்ட்டர்களின் தலைவரிடம் போனோம். கொட்டகைக்குள் நுழையும்போது வில்லை ஏற வேண்டும், சைக்கிளைத் திரும்ப விட்ட பிறகுதான் இறங்க வேண்டும், இதை ஒத்துக்கொள்ளும்வரை யாரும் சுமை கட்டுவதில்லை என்று சொல்லுங்கள் என்றார். நாங்கள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தோம். வழியில் மாதையன் என் தோளைப் பிடித்துச் சொன்னான்: "அடுப்புக்குப் பக்கத்துல ஒக்காந்து நீ சுடுசோறு திங்கறத நெனச்சிக்கிட்டே நான் அரூரு மேட்ட ஏறுவேன்டா, எப்பிடி எரியும் தெரியுமா?"

ரகசியம்

மாதையன் தேறி வந்த பிறகு கேட்டோம். தீர்த்தமலைக் கோயிலில் விசேஷம் நெருங்கிய நேரம். கொட்டகை நிறைய பூக்கூடை. ஏஜெண்டு கோபப்படவில்லை. என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டார். உனக்கு மட்டும் போக, வர, காத்திருக்க எல்லாவற்றுக்கும் மணி போடுகிறேன், சம்சாரம் மாசமாக இருக்கிறாளே, மற்றவர்களிடம் மூச்சு விடாதே என்றார். எனக்கு வாயெல்லாம் பால் வாசம். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன். பிறகு மாதையன் உள்ளே போனான். பிறகு காதர் பாய்.

வெளியே வந்த காதர் பாயின் முகத்தில் ஒரு களை தெரிந்தது. எனக்குக் கொடுத்ததைவிட அவருக்கு அதிகம் கொடுத்திருப்பாரோ என்று என் வயிறு பற்றிக்கொண்டது. மாதையனுக்கும் அதே சந்தேகம். பொறுக்க முடியாமல் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கேட்டுவிட்டோம். என் சம்சாரம் மாசமாக இருப்பதைத் தவிர, மூவருக்கும் சொல்லப்பட்டது ஒன்றேதான், எழுத்துப் பிசகாமல். அதன் பிறகு யாரும் உள்ளே போகவில்லை. வெயில் ஏற ஏற மல்லிகை வாடிய வாசம் கொட்டகையைத் தாண்டிப் போர்ட்டர்கள் வரை போனது. மத்தியானம் ஏஜெண்டு வெளியே வந்து, சுமை கட்டுவதற்கு முன்பே எங்கள் மூவர் கழுத்திலும் அவர் கையாலேயே வில்லையை மாட்டினார்.

சின்னத்தாயிக்குப் பால் நிற்கவில்லை. பெண் குழந்தை, கல்லுக்குண்டு போலப் பிறந்தது. கடைசி சைக்கிள் திரும்பி வரும்வரை ஏஜெண்டு இப்போது காத்திருந்து வில்லையை வாங்கிவைக்க வேண்டியிருந்தது. ஒரு சாயங்காலம் நான் தீர்த்தமலையிலிருந்து ஆடி அசைந்து வந்து சேர்ந்தபோது, பசியோடு உட்கார்ந்திருந்த அவர் வில்லையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாசச் சம்பளக்காரனுக்கு மணியே கெடையாதுடா. உங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குது."

சங்கம் வைக்க ஒற்றுமை வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எங்களுக்கென்னவோ ஒருவன் மேல் ஒருவனுக்கு இருந்த வயிற்றெரிச்சலே போதுமானதாக இருந்தது.