இடது கன்னம்

கிருபாகரனோடு வேலைக்குப் போக நிறையப் பொறுமை வேண்டும். கருங்குழியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். போட்டோ அவன், வீடியோ நான். டீக்கடைக்காரர் ஒரு யோசனை சொன்னால்கூட கேமராவை இறக்கிவிட்டு, "சொல்லு அண்ணாத்த" என்று நின்றுவிடுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபது வருஷமாகத் தொழில் செய்கிறவனுக்கு வழியில் போகிறவர்களெல்லாம் வாத்தியாரா?

போன தை மாதம் மாமல்லபுரம் கடற்கரையில் ஜெஸ்ஸியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். அடுத்த வாரம் அவளுக்குக் கல்யாணம். சின்ன வயதில் கொதிக்கிற எண்ணெய் தெறித்து இடது கன்னத்தில் தழும்பு. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான் கிருபாகரனும் செய்தான். "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பும்மா." ஒரு மணி நேரம் இதே பாட்டு. கடைசியில் ஜெஸ்ஸி மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். "போதும் சார். கல்யாணத்துக்கும் போட்டோ வேணாம். அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

பக்கத்தில் வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்த வசந்தா என்ற அம்மாள் நிமிர்ந்தாள். "இன்னாபா, அந்தப் பொண்ண திருப்பிகினே கீறே? சிரிச்சா குழி வுழறது இந்தக் கன்னத்துலதான? அத்த வுட்டுட்டு இன்னாத்த எடுக்கறே?"

"உன் வேலையப் பாரும்மா" என்று நான் எரிந்து விழுந்தேன். கிருபாகரன் என்னைக் கையமர்த்திவிட்டு ஜெஸ்ஸியின் எதிரில் குந்தினான். "தப்பு என்மேலதாம்மா. உன்ன ஒரு வார்த்தை கேக்காமலே மறைச்சிகினு இருந்தேன். இந்தப் பக்கம் ஒண்ணு எடுக்கட்டுமா? புடிக்கலன்னா உன் கண்ணு முன்னாலயே அழிச்சிட்றேன்."

அவள் தலையாட்டினாள். வசந்தாவையே எதிரில் வந்து பேச்சுக் கொடுக்கச் சொன்னான். அந்த அம்மாள் மாப்பிள்ளையைக் கிண்டலடித்த கிண்டலில் ஜெஸ்ஸி வாய்விட்டுச் சிரித்தாள். தழும்பை ஒட்டி அழகாக ஒரு குழி! கேமராவில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு, "இத அழிக்காதீங்க சார்" என்றாள்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு அந்தப் படம்தான் நின்றது. ஓரத்தில் ஸ்டுடியோ பெயர் போடும் இடத்தில், "யோசனை: வசந்தா. படம்: கிருபாகரன்" என்றிருந்தது. அட கிறுக்கா, இப்படியா தொழில் நடத்துவாய் என்று திட்டினேன்.

"அவங்க சொல்லாங்காட்டி இந்தப் படமே இல்ல மச்சான்" என்றான். என்ன மனுஷன்! நானாக இருந்தால் செத்தாலும் அதை வெளியே சொல்லியிருக்க மாட்டேன்.

மேடையில் வழக்கம்போல அவளுடைய வலது பக்கம் தெரிகிற மாதிரி வீடியோ ஸ்டாண்டை நிறுத்தியிருந்தேன். மாலையோடு மேடையேறிய ஜெஸ்ஸி என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, இந்தப் பக்கம் வாங்களேன்" என்று இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

மறுபேச்சில்லாமல் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.