சிவப்பு எங்க?

ஸ்ரீரங்கத்தில், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான சிறிய பள்ளியில் நான் வேலை பார்க்கிறேன். எங்களிடம் எல்லாருக்கும் பொதுவான பாடப்புத்தகம் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் பெற்றோரோடு உட்கார்ந்து, அவரவர் பிள்ளைக்கென்று தனியாகப் பாடத்திட்டம் எழுதுவோம். எதைக் கற்க வேண்டும், எதற்குப் பிறகு எது, கற்றுவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது, எல்லாம் அதில் இருக்கும்.

பொன்மலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். பதின்மூன்று வயது. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அம்மாதான் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி தினமும் அழைத்து வருவார். பஸ்ஸில் ஏறியதும் அவள் பின்னலை முன்னால் இழுத்துப் போட்டு, இறங்கும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வருவாளாம்.

திட்டம் எழுதும் கூட்டத்துக்கு நான் ஒரு வரைவோடு போயிருந்தேன். பெயர் எழுதுவது, பஸ் நம்பர் படிப்பது என்று தொடங்கியது அது. அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதெல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் தலை பின்னக் கற்றுக்கொடுங்கள் என்றார். முடியைக் குட்டையாக வெட்டிவிட்டால் சுலபம்தானே என்று தலைமையாசிரியை தயங்கித் தயங்கிக் கேட்டார். அப்படிச் செய்கிற பெற்றோர் நிறையப் பேர் உண்டு. அம்மா மகளைப் பார்த்தார். அவள் பின்னல் நுனியைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் வயசாகுது டீச்சர். நாளைக்கு நான் இல்லாதப்ப, யார்கிட்டயாவது தலையைக் குடுத்துட்டு இவ நிக்கக் கூடாது. அவளே பின்னிக்கணும்."

வரைவின் முதல் வரியை அடித்துவிட்டு, 'தன் தலையைத் தானே பின்னிக்கொள்வாள்' என்று எழுதினேன்.

அதைப் படிப்படியாகப் பிரிக்க உட்கார்ந்தபோதுதான் திணறினேன். நினைவு தெரிந்த நாளாகப் பின்னுகிறேன். ஆனால் எந்தக் கை எதை எப்போது விடுகிறது என்று சொல்லத் தெரியவில்லை. பாலக்கரையிலிருந்து வரும் சக ஆசிரியை, சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்தி, முக்காட்டை எடுத்துவிட்டுத் தன் தலையை என்னிடம் கொடுத்தார். முடியைத் தோளுக்கு முன்னால் போட்டு நான் பின்ன, அவர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து எழுதினார். இப்போது என்ன செய்தீர்கள் என்று அவர் நிறுத்தி நிறுத்திக் கேட்டதில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இப்படிப்பட்ட வேலையைக் கடைசிப் படியிலிருந்து கற்றுக்கொடுப்பது எங்கள் வழக்கம். பின்னலை முழுக்க நாங்கள் போட்டுவிட்டு, ரப்பர் பேண்டை மட்டும் அவளைப் போடச் சொன்னோம். முடித்து வைத்தது அவள் என்றாகிவிடும். அது வந்த பிறகு அதற்கு முந்தைய படி. முதன்முதலாக ரப்பர் பேண்ட் போட்ட அன்று, எல்லா வகுப்புக்கும் போய்த் திரும்பி நின்று காட்டினாள்.

பழகுவதற்கு ஜன்னல் கம்பியில் சிவப்பு, மஞ்சள், நீலத் துணிப் பட்டைகளைக் கட்டினோம். "சிவப்பு மேல, நீலம் மேல" என்று முணுமுணுத்தபடி, தீபாவளிக்குள் அழகாகப் பின்னினாள். இனி தலைதான் என்று கண்ணாடிமுன் உட்காரவைத்து, முடியைத் தோளுக்கு முன்னால் கொண்டுவந்து பிரித்துக் கையில் கொடுத்தேன். கை அசையவில்லை. முடியைப் புரட்டிப் புரட்டி எதையோ தேடினாள்.

"சிவப்பு எங்க?" என்றாள்.

நானும் பாலக்கரை ஆசிரியையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை நாளும் வண்ணத்தைப் பார்த்துத்தான் அவள் கை நகர்ந்திருக்கிறது.

திட்டத்தைத் திருத்தினோம். முதலில் நீலப் பட்டை இருந்த இடத்தில் கறுப்புப் பட்டை வந்தது. சில வாரம் கழித்து மஞ்சளையும் மாற்றினோம். சிவப்பை எடுத்த அன்று அழுதாள். அப்புறம் ஜன்னல் பக்கமே வரவில்லை. திரும்பவும் சிவப்பைக் கட்டினோம். இந்த முறை அதை மெல்ல மெல்லக் குறுக்கி, கடைசியில் கறுப்புப் பட்டையோடு ஒரு சிவப்பு நூல் மட்டும் இருக்கும்படி செய்தோம். ஒருநாள் அந்த நூல் அவிழ்ந்து கீழே கிடந்தது. அவள் கவனிக்காமல் பின்னிக்கொண்டிருந்தாள்.

பள்ளி ஆண்டு முடியப்போகிற சமயம், ஒரு காலை அம்மாவும் மகளும் வாசலில் வந்து நின்றார்கள். தோளின் முன்னால் ஒரு பின்னல். மேலே தொளதொளவென்று, கீழே இறுக்கமாக, கொஞ்சம் கோணலாக. வழியெல்லாம் அதைச் சரிசெய்யப் போன தன் கையை மகள் தட்டிவிட்டதாக அம்மா சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"காலைல எனக்குக் கை சும்மா இருந்துச்சு டீச்சர். என்ன பண்றதுன்னே தெரியல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பையிலிருந்து வாழையிலையில் மடித்த மல்லிகையை எடுத்தார். மகள் தானாகக் குனிந்து தலையைக் கொடுத்தாள். அடுத்த வருஷத்துக்கு என்ன வைக்கலாம் என்று கேட்டேன். அவர் ஹேர்பின்னைப் பல்லால் பிரித்து, பூவை வைத்துவிட்டு, அது நிற்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"என்ன வேணா வைங்க. பூ வைக்கறதை மட்டும் உங்க பாடத்துல சேத்துடாதீங்க. அது நான் வச்சுவிடறேன்."

அடுத்த வருஷத் திட்டத்தில் பெயர் எழுதுவதும் பஸ் நம்பரும் இடம்பெற்றன. பூவை நான் சேர்க்கவில்லை.