முந்திக்கொள்ளும் ஆமென்

தம்பி ஆயரானதிலிருந்து எல்லோரும் அவனை ‘அவர்’ என்கிறார்கள். எனக்கு அது வாயில் வருவதில்லை. அவனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் நான்.

எங்கள் வெள்ளவத்தைக் கோயிலில் அவனுக்கு வரவேற்பு ஆராதனை என்று முடிவானதும், கோயில் செயலாளர் வீட்டுக்கு வந்தார். சிறப்பு மலர் ஒன்று அச்சிடுகிறார்களாம்.

“ஆயரின்ர குடும்பப் பின்னணி ஒரு பக்கம் எழுதித் தாங்கோ மிஸ். உங்களை விட்டா ஆர் இருக்கினம்?”

பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியே காலத்தைக் கழித்தவளுக்கு ஒரு பக்கம் என்ன பெரிய வேலை? ஒரே பின்னேரத்தில் முடித்துவிட்டேன். அம்மாவின் தகப்பனார் உபதேசியார், அம்மாவின் அண்ணன் குருவானவர், அம்மா ஞாயிறு பாடசாலை நடத்தியவர். அங்கிலிக்கன் சபையில் ஊறிய குடும்பம். அப்பாவுக்கு ஒரு வரி: “தந்தையார் துறைமுகத்தில் எழுதுவினைஞராகக் கடமையாற்றினார்.” ஒரு பொய்கூட இல்லை. கொட்டாஞ்சேனை என்ற சொல்லும் இல்லை.

அப்பா கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். அம்மாவை விரும்பி, அம்மாவின் கோயிலில் தாலி கட்டினார். அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, அன்று பட்டுச் சேலை உடுத்திக்கொண்டு வந்து, கோயில் கேற்றடியிலேயே, வாசலுக்கு வெளியே நின்றாராம். வேறு சபைக் கோயிலுக்குள் கால் வைப்பது பாவம் என்று அவருக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். பிறகு அந்தக் கண்டிப்பெல்லாம் தளர்ந்துவிட்டது; மாமி தளரவில்லை. எங்கள் ஞானஸ்நானங்களுக்கும் வந்தார், கேற்றடி வரைக்கும். அப்பாவின் அடக்க ஆராதனையன்றும் மழைக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றார். மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்ட எனக்கு அது மட்டும் ஆறவேயில்லை. கூடப்பிறந்தவனின் பெட்டியடிக்கு வராதவருக்கு என் தாளில் எதற்கு இடம்?

அப்பாவும் முழுதாக மாறியவரில்லை. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் கடைசியாக இராச்சியம், வல்லமை, மகிமை என்று ஒரு வரி வரும். கத்தோலிக்கர் வீட்டு ஜெபமாலையில் அந்த வரி இல்லை. அதற்கு முன்பே முடித்துவிடுவார்கள். அப்பா எங்கள் கோயிலில் முன்வரிசையில் நின்று, கணீரென்று ஒரு ஆமென் போடுவார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மற்றவர்களோடு கடைசி வரியைச் சொல்லுவார். அம்மா அவருடைய காலை மிதிப்பார். எனக்கு வெட்கத்தில் உயிர் போகும். தம்பி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். அடுத்த ஞாயிறும் இதே கூத்துத்தான்.

நான் எழுதிய பக்கத்தை வாசித்துவிட்டுத் தம்பி போன் எடுத்தான்.

“வடிவா எழுதியிருக்கிறியள் அக்கா. கொட்டாஞ்சேனை எங்க?”

“ஒரு பக்கம்தானே கேட்டவை.”

“அதில அரைப் பக்கம் அப்பாதானே.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “அண்டைக்கு மாமி உள்ள வந்து இருக்கவேணும் அக்கா. எனக்கு வேற ஒரு ஆசையும் இல்லை. நான் கேட்டா ஆயர் கட்டளை போடுற மாதிரி இருக்கும். நீங்க போய்க் கேளுங்கோ.”

அவன் எப்போதும் இப்படித்தான், கஷ்டமான வேலையை மெதுவான குரலில் சொல்லுவான். முணுமுணுத்துக்கொண்டே த்ரீவீல் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

மாமிக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. கண் மங்கல், காது மட்டும் இன்னும் கூர்மை. மாதா சுரூபத்துக்குக் கீழே கதிரை போட்டு இருந்தார். கையில் ஜெபமாலை. நான் வந்த விஷயத்தைச் சொன்னதும், “எழுதினதை வாசி பிள்ளை” என்றார். வசமாக மாட்டிக்கொண்டேன். வாசித்தேன். கடைசி வரை கேட்டார்.

“நல்லாயிருக்கு. உன்ர கொப்பருக்குத் தாய் தேப்பன் இல்லையோ?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

“செத்த அண்டைக்கும் உள்ள வராத ஆக்களை நான் எங்க எழுதுறது மாமி?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாமி கோபிக்கவில்லை. ஜெபமாலையை மடியில் வைத்தார்.

“வெளியில நிண்டாலும் எல்லாம் கேட்கும் பிள்ளை. உங்கட ஞானஸ்நானத்துக்கு நிக்கேக்க, அவன் முந்திச் சொல்லுற ஆமென் கேற்றடிக்குக் கேட்கும். எங்கட வீட்டுப் பழக்கம் அவனை விட்டுப் போகேல்ல எண்டு சந்தோசப்பட்டுக்கொண்டு வீட்ட வருவன். அடக்கத்தண்டும் காதைக் குடுத்துக்கொண்டு நிண்டனான். ஒருத்தரும் முந்திச் சொல்லேல்ல. அப்பதான் அவன் இல்லை எண்டது எனக்கு விளங்கினது.”

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. அந்த மேசையிலேயே, அவர் சொல்லச் சொல்ல, பக்கத்தைத் திரும்ப எழுதினேன். அப்பாவின் தாய் தகப்பன், அந்த வீடு, பின்னேர ஜெபமாலை, அங்கே முழங்காலில் நின்ற அக்காவும் தம்பியும். உபதேசியாருக்கு மூன்று வரிதான் மிஞ்சியது. புறப்படும்போது, “வருவீங்களோ மாமி?” என்று கேட்டேன்.

“கால் ஏலாது. பாப்பம்.”

ஆராதனை தொடங்குமுன் இரண்டு தரம் எழுந்துபோய்க் கேற்றடியைப் பார்த்தேன். வெறுமையாகக் கிடந்தது. முன்வரிசையில் வந்து இருந்ததும் தம்பி பீடத்திலிருந்து என் முகத்தைப் பார்த்தான். இல்லையென்று தலையாட்டினேன். அவன் முகம் வாடியதை நான் மட்டுமே கண்டேன்.

கர்த்தர் கற்பித்த ஜெபம் வந்தது. எல்லோரும் சேர்ந்து சொல்லிக்கொண்டு போனோம். கடைசி வரிக்கு முன்னால் மூச்சு வாங்கும் இடத்தில், பின்வரிசையிலிருந்து நடுங்கும் கிழட்டுக் குரல் ஒன்று கோயில் முழுக்கக் கேட்க, “ஆமென்” என்றது.

யாரோ இளசுகள் சிரித்தார்கள். சனம் ஆயரைப் பார்த்துக்கொண்டு காத்து நின்றது. தம்பி வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது. அவனால் வாய் திறக்க முடியவில்லை.

கடைசி வரியை நான்தான் தொடங்கிக்கொடுத்தேன்.