உள்ளங்கைத் தாளம்

எதிர்வீட்டு மஹதி மாமியின் வலது கை சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் மாமி பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகும் கை தொடையில் தட்டிக்கொண்டிருக்கும். லிஃப்ட் கதவுக்குத் தாளம், குக்கர் விசிலுக்குத் தாளம், என் தையல் மெஷினுக்கும் தாளம். நான் வேண்டுமென்றே மெஷினை நிறுத்தி நிறுத்தி ஓட்டி வம்பு செய்வேன். மாமி கதவைத் திறந்து முறைப்பாள்.

அவள் கணவர் ஸ்ரீநாத் மாமா நேர் எதிர். மயிலாப்பூர் சபாக்களில் முன்வரிசையில் உட்கார்ந்து உற்சாகமாகத் தட்டி, பக்கத்தில் இருப்பவர்களையும் குழப்பிவிடுவார். சுண்டு விரல், அப்புறம் மோதிர விரல், அப்புறம் நடு விரல் என்று கல்யாணமான நாளிலிருந்து மாமி சொல்லிப் பார்த்துவிட்டாள். ஏறவில்லை. ஒரு சுற்று முடிந்து தாளம் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவதைச் சமம் என்பார்கள். மாமா ஒருநாளும் சமத்துக்கு வந்து சேர்ந்ததில்லை. அவர் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் மாமி கச்சேரி கேட்பாள்.

மாமா இதய ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதிலிருந்து மாமிக்குத் தூக்கம் போய்விட்டது.

"அவர் மூச்சை எண்ணிண்டே படுத்திருக்கேன், குல்சும். எண்ணறதை நிறுத்தினா மூச்சும் நின்னுடுமோன்னு பயமா இருக்கு. பைத்தியக்காரத்தனம்னு தெரியறது. கை கேக்க மாட்டேங்கறதே!"

"இன்னா மாமி நீங்க! டாக்டரே நல்லா கீறாருன்னு சொல்லிட்டாரு. நீங்க எதுக்கு வாட்ச்மேன் வேல பாத்துக்கினு இருக்கீங்க?" என்றேன். சிரித்தாள்.

ஒரு காலையில் அந்தச் சிரிப்பும் போயிற்று. தூக்கக் கலக்கத்தில், இரவு போட வேண்டிய மாத்திரையைக் காலையில் எடுத்துக் கொடுத்துவிட்டாள். வாய் வரைக்கும் கொண்டுபோன மாமா, நிறம் வேறாக இருக்கிறதே என்று பார்த்து நிறுத்தினார். மாமி என் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். "காவல் காக்கறதா நெனச்சேனே, நானே அவருக்கு எமனா ஆயிடுவேன் போலிருக்கே!" நானும் சேர்ந்து அழுதேன்.

படுக்கப் போகும் முன் ஃபோனைத் தள்ளி வையுங்கள், விளக்கைத் தணியுங்கள், மெல்லிய இசை கேளுங்கள், மூச்சை மெதுவாக விடுங்கள் என்றார் டாக்டர். யாரிடம் போய் இசை கேட்கச் சொல்கிறார்! புல்லாங்குழல் போட்டால், "ஸ்ருதி சேரலை" என்று மாமி எழுந்து உட்கார்ந்தாள். மூச்சை மெதுவாக விடச் சொன்னால் அதையும் ஆதி தாளத்தில் விட்டாள். என் பங்குக்கு ஜாதிக்காய் உரசிப் போட்ட பால் கொடுத்தேன். ருசியாக இருக்கிறது என்று குடித்துவிட்டு விழித்திருந்தாள்.

கடைசியில் வழி கண்டுபிடித்தவர் மாமாதான். அன்று சாப்பாடு முடிந்ததும் சின்ன பக்கெட்டில் வெந்நீர் கொண்டுவந்து மாமியின் கால்களை அதில் வைக்கச் சொன்னார். துண்டால் துடைத்துவிட்டார். விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்து, அவள் வலது கையைத் தன் கைக்குள் இழுத்துக்கொண்டார்.

"இனிமே நீ எண்ண வேண்டாம். நான் போடறேன். இது தட்டிண்டு இருக்கற வரைக்கும் நான் இருக்கேன், தெரியறதா?"

அவள் உள்ளங்கையில் தட்டினார். சுண்டு விரல். அடுத்து நடு விரல். மோதிர விரலைக் காணோம். தப்பு என்று சொல்ல மாமி வாயெடுத்தாள். என்னவோ, சொல்லவில்லை. அவர் விரல் மறுபடி சுண்டு விரலுக்கு வந்தது, நின்றது, யோசித்தது, யாருமே எண்ணாத கட்டை விரல் பக்கம் போயிற்று. அடுத்தது எங்கே என்று மாமியால் ஊகிக்க முடியவில்லை. துரத்திப் பார்த்தாள், பின்தங்கினாள், விட்டுவிட்டாள். அடையாற்றுப் பக்கமிருந்து வந்த ஈரக் காற்று திரைச்சீலையைத் தூக்கியது, மறந்துபோய் அப்படியே வைத்திருந்தது, பிறகு இறக்கியது. அதற்கும் கணக்கில்லை. கட்டில் மிதந்ததாம். கபாலி கோயில் குளத்தில் தெப்பத்தின் மேல் மாமி போகிறாள். வடம் பிடித்து இழுக்க ஒருவரும் இல்லை. கரையில் யாரோ பாடுகிறார்கள், என்ன ராகம் என்று தெரியவில்லை, தெரிய வேண்டியும் இல்லை. தண்ணீரில் விட்ட கையை மட்டும் ஒரு மீன் விட்டு விட்டு வந்து தொட்டது. அப்புறம் அதுவும் தெரியவில்லை.

விழித்தபோது அறையெல்லாம் வெயில். மாமாவின் கை அவள் கையைப் பிடித்தபடியே இருந்தது, கதகதப்பாக. காலை மாத்திரையைச் சரியாக எடுத்துக் கொடுத்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"கடைசி வரைக்கும் சமத்துக்கு வரவே இல்லை, குல்சும். வந்திருந்தா முழிச்சிண்டிருப்பேன்."

அன்றிலிருந்து வெந்நீரும் அந்தக் கோணல் தாளமும்தான் அவளுடைய தூக்க மருந்து.

நேற்று மாலை தைத்த பாவாடையைக் கொடுக்கப் போயிருந்தேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அனன்யா என்ற குட்டி மாணவிக்குப் பக்கத்தில் மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்கும் ஆதி தாளம் ஒழுங்காச் சொல்லிக்குடு, மஹதி. ராத்திரியெல்லாம் உனக்குத் தப்பாவே போடறேன். மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

மாமி பாட்டை நிறுத்தினாள். அவர் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுப்பேன், உங்களுக்கு மட்டும் மாட்டேன்," என்றாள். "ஆயுசுக்கும் இப்படியே தப்பாப் போட்டுண்டு இருங்கோ."