தூக்கம் விற்பவரின் மகள்

மெத்தைக் கடையில் அவர் வாயைத் திறந்தால் தூக்கத்தைத் தவிர வேறு பேச்சு வராது. உள்ளே வருகிறவரை ஏற இறங்கப் பார்த்து, "காலையில எழுந்ததும் முதுகு பிடிச்சுக்குமே சார்?" என்பார். அதுவரை வலிக்காத முதுகும் அந்தக் கணத்தில் லேசாக வலிக்கும். செருப்பைக் கழற்றச் சொல்லிப் படுக்க வைப்பார். அவர் தலைமாட்டில் நின்று நுரை, பஞ்சு, ஸ்பிரிங் என்று தாலாட்டுகிற குரலில் அளந்துவிட்டதைக் கேட்டு நிஜமாகவே குறட்டை விட்டவர்கள் உண்டு. எழுந்து, ஒரு தலையணை உறைகூட வாங்காமல் போனவர்களும் அவர்களே. கடையில் அவருக்குப் பெயர் 'தூக்கம் சார்'. கிண்டலைப் பட்டமாக எடுத்துக்கொண்டு அவரும் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

வீட்டில் ஒரே மகள், மூன்றாம் வகுப்பு. "எம் பொண்ணு இருக்கற இடமே தெரியாது" என்று மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். எப்படித் தெரியும்? சோபாவின் ஒரு மூலையில், கையில் போனோடு, இடித்துவைத்த புளி மாதிரி அவள் உட்கார்ந்திருப்பாள். அவள் இருக்கும் இடம் அந்தச் சோபாவுக்குத்தான் தெரியும். அந்த மூலை அவள் அளவுக்குக் குழிந்துபோயிருந்தது. கீழே மற்றப் பிள்ளைகள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு ஓடிக் கத்தினால், "வளர்ப்பு சரியில்ல" என்று ஜன்னலைச் சாத்துவார்.

அவர் மனைவிக்குப் பல் மருத்துவர் ஒருவரின் வரவேற்பறையில் வேலை. அலுத்துத் திரும்புகிறவள், மகளின் தட்டுக்கு எதிரே போனைச் சாய்த்து வைத்துவிட்டுக் கவளம் கவளமாக ஊட்டுவாள். வயிறு எப்போது நிறைந்தது என்று ஊட்டுகிறவளுக்கும் தெரியாது, விழுங்குகிறவளுக்கும் தெரியாது. பிறகு படுக்கை. போர்வைக்குள்ளும் அதே வெளிச்சம். பிள்ளை தொந்தரவில்லாமல் படுத்துவிட்டாள் என்ற நிம்மதியில் பெற்றவர்கள் இருவரும் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொள்வார்கள்.

வகுப்பில் அவள் தூங்கி விழ ஆரம்பித்தாள். மாடியேறினால் மூச்சு வாங்கியது. சீருடையின் கொக்கி சேர மறுத்தது. டீச்சர் சொல்லி அனுப்ப, மருத்துவரிடம் போனார்கள்.

"சர்க்கரை விளிம்புல நிக்குது. இந்த வயசுல இது நல்லதில்ல" என்றாள் மருத்துவர். "ராத்திரி எப்ப தூங்குறா?"

"சீக்கிரமே படுக்க வச்சிடுவோம், டாக்டர்."

"படுக்கறதக் கேக்கல. தூங்குறதக் கேக்கறேன்."

மகள் கையிலிருந்த போனைத் தூக்கம் சார் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டதை மருத்துவர் பார்த்துவிட்டாள்.

"போன வேற ரூம்ல வைங்க. சாயங்காலம் ஓடி விளையாட விடுங்க. தூக்கம் கெட்டா பசியும் தாறுமாறாப் போகும், உடம்பும் அசைய மாட்டேங்கும். ஒண்ண ஒண்ணு பிடிச்சு இழுக்கும். அடுத்த டெஸ்ட்லயும் இப்படியே இருந்தா மருந்தப் பத்திதான் பேசணும்."

இத்தனையிலும் அவர் காதில் விழுந்தது 'தூக்கம்' என்ற ஒரே சொல். அது தன் துறை. பஸ்ஸில் திரும்பும்போதே கண்டுபிடித்துவிட்டார்: மெத்தை சரியில்லை.

ஊழியர் சலுகையில் புது மெத்தை வந்தது. அதிலும் மகள் விழித்தே கிடந்ததால், அதன்மேல் போட இன்னும் மெத்தென்று ஒன்று வந்தது.

"ஏங்க, இவ ஏறிப் படுக்க ஏணி வாங்கலையா?" என்றாள் மனைவி. "டாக்டர் போனத்தான வாங்கி வைக்கச் சொன்னாங்க?"

"நீ ஊட்டுறப்ப முதல்ல வாங்கி வை, பாப்போம்."

அதோடு பேச்சு முடிந்தது. தப்பைப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டால் தீர்ந்துவிடும் என்று இருவருக்கும் ஒரு நம்பிக்கை.

அந்தச் சமயத்தில் கடையில் குழந்தைகளுக்கென்று புது ரக மெத்தை வந்தது. அறிமுக நாளில் அதில் ஒரு குழந்தையைத் தூங்கவைத்துக் காட்ட மேலாளருக்கு ஆசை. "எம் பொண்ணு இருக்கா சார். படுத்த உடனே தூங்கிடுவா" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

கூட்டம் சூழ்ந்து நின்றது. மகள் படுத்தாள். கூரையையே பார்த்தாள்.

"கண்ண மூடும்மா."

"போன் குடுப்பா."

"அப்புறம் தரேன்."

"போன் இல்லாம எனக்குத் தூக்கம் வராதுன்னு உனக்குத் தெரியாதாப்பா?"

"தூக்கம் சார் வீட்லயே சரக்கு இல்லையா!" என்று யாரோ சொல்ல, கடையே சிரித்தது. கொடுத்துத் தொலைக்கலாம் என்றால் வழியில்லை. அவள் போன் வீட்டில் கிடந்தது; கடை நேரத்தில் ஊழியர்களின் போன்கள் மேலாளரின் மேஜைக்குள் பூட்டிக் கிடக்கும்.

பக்கத்து மெத்தையில் யாருடைய பிள்ளைகளோ குதித்துக்கொண்டிருந்தன. மகள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். மெல்ல எழுந்து நின்று, ஒரு குதி குதித்தாள். பொத்தென்று விழுந்தாள். மூச்சிரைக்கச் சிரித்தாள். மறுபடியும் குதித்தாள்.

"இறங்குடி! மானத்த வாங்காத!"

"விடுய்யா, குதிக்கட்டும்" என்றார் மேலாளர். "ஸ்பிரிங் எவ்வளவு தாங்குதுன்னு ஜனங்க பாக்கட்டும்."

பொழுது சாயும்வரை அவள் மெத்தைக்கு மெத்தை தாவினாள். வீட்டுக்கு வந்ததும் பசி என்று கேட்டு வாங்கி, தன் கையாலேயே சாப்பிட்டு, "போதும்மா" என்றாள். அந்தச் சொல்லை அம்மா அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். பிறகு கூடத்திலேயே, வெறுந்தரையில், கன்னத்தின் கீழ் கையை வைத்தபடி தூங்கிப்போனாள். யாரும் படுக்கச் சொல்லவில்லை. போன் மேஜைமேல் கேட்பாரற்றுக் கிடந்தது.

"தொடாதீங்க" என்றாள் மனைவி, குரலைத் தாழ்த்தி. "இப்படி அவ தூங்கிப் பாத்து எத்தன நாளாச்சு."

"மெத்த விக்கிறவன் பொண்ணு தரையில கிடக்குறதா? யாராவது பாத்தா எம் பொழப்பு என்னாகும்?"

மகளை அள்ளிக்கொண்டு போய் மெத்தைமேல் மெத்தையில் கிடத்தினார். உடம்பு உள்ளே புதைந்தது. அவள் புரண்டாள், நெளிந்தாள், கண்ணைத் திறந்தாள்.

"போன் குடுப்பா."

மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள். அவர் தயங்கவில்லை. கொடுத்துவிட்டு, விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினார். வீடு பழையபடி அமைதியானது.

மறுநாள் வகுப்பில் மகள் மேஜைமேல் தலை கவிழ்ந்த நேரத்தில், கடையில் அவர் ஒரு தம்பதியின் தலைமாட்டில் நின்றிருந்தார்.

"எம் பொண்ணுக்கும் இதேதான் சார். நேத்து அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினா."